பொறியாளரை உருவாக்குவது பாடசாலையே

மாண்புமிகு நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், எழுதப் படிக்க அதிகம் தெரியாத ஆலைக் கைவினைஞரான ஜேம்ஸ் பிரிண்ட்லி, கணக்கையெல்லாம் மனத்திலேயே போட்டு இங்கிலாந்தின் பிரிட்ஜ்வாட்டர் கால்வாயை அமைத்ததைச் சொல்லி, பட்டறைதான் பொறியாளரை உருவாக்குகிறது என்று வாதிட்டார். பிரிண்ட்லியின் திறமையை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் மனத்தில் போட்ட கணக்கு, 1772-இல் அவர் இறந்தபோது அவரோடே போய்விட்டது.

போகாத கணக்கைத் தந்தவர் ஒருவரைச் சொல்கிறேன். 1809-இல் ஆஸ்திரியாவின் ஸ்டையர் நகரில் பிறந்த ஃபெர்டினாண்ட் ரெட்டன்பாகர், வியன்னாவின் பாலிடெக்னிக் என்னும் தொழில்நுட்ப உயர்கல்விக் கூடத்தில் பயின்று, சூரிக் நகரின் தொழிற்பள்ளியில் கணிதம் கற்பித்தார். அங்கிருந்த எஷர் வீஸ் இயந்திரத் தொழிற்சாலையோடு நெருங்கிப் பழகிய பின், 1841-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹ பாலிடெக்னிக்கில் பேராசிரியரானார்.

அன்று ஆலைகளை ஓட்டியதில் பெரும்பங்கு நீர்ச்சக்கரங்களுடையது. கீழே ஓடும் நீர் மோதிச் சுழலும் சக்கரத்தைவிட, மேலிருந்து இறங்கும் நீரின் எடையால் சுழலும் சக்கரம் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேலை தரும் என்பதை ஆங்கிலேயப் பொறியாளர் ஸ்மீட்டன் 1759-இலேயே மாதிரிகளைக் கொண்டு காட்டியிருந்தார். மோதலில் நீரின் ஆற்றல் வீணாகிறது என்பதே காரணம். ஆனால் இந்த ஓடையில், இவ்வளவு உயரத்திலிருந்து, நொடிக்கு இவ்வளவு நீர் வந்தால் எந்த வகைச் சக்கரம் பொருந்தும், அதன் விட்டமும் அகலமும் எவ்வளவு, நீரேந்தும் பெட்டிகள் எத்தனை, எந்த வேகத்தில் அது சுழல வேண்டும் என்று கேட்டால், கைவினைஞர் தம் குருநாதர் செய்ததையே திரும்பச் செய்தார். ரெட்டன்பாகர் 1844-இல் நீரோட்டத்தால் சுழலும் பொறிகளான டர்பைன்களைப் பற்றியும், 1846-இல் நீர்ச்சக்கரங்களைப் பற்றியும் எழுதிய நூல்களில் இக்கேள்விகளுக்குக் கணக்கிட்டு விடை காணும் வழியைத் தந்தார். ஓர் உறுப்பின் அளவைக் கண்டுவிட்டால், அதற்கு எத்தனை மடங்கு என்ற விகிதத்தால் மற்ற உறுப்புகளின் அளவுகளைப் பெறும் முறையை வளர்த்தவரும் அவரே. தன் ஊரை விட்டு நகராத இளைஞனுக்கும் பல ஊர்ச் சக்கரங்களின் அனுபவம் அதனால் கைக்கெட்டியது.

எதிரணியினர் எடுத்து வீசக்கூடிய ஓர் ஆயுதத்தை நானே எடுத்து வைக்கிறேன். இயந்திரவியல் கோட்பாடுகளை மட்டும் கொண்டு எவரும் இயந்திரத்தைக் கண்டுபிடித்துச் செய்துவிட முடியாது; அதற்குப் படைப்புத் திறனும், பொருள்களைப் பற்றிய நடைமுறை அறிவும், கருவிகளைக் கையாளும் தேர்ச்சியும் வேண்டும் என்று 1852-இல் வெளிவந்த நூலில் ரெட்டன்பாகரே எழுதினார். இது பாடசாலைக்கு எதிரான சாட்சியம் அன்று. பாடசாலை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அவர் வகுத்த இலக்கணம் என்றே நான் கொள்கிறேன். அதனால்தான் அவர் கரும்பலகையோடு நிற்காமல், இயக்கங்களைக் கண்ணால் கண்டு கற்பதற்கான இயந்திர மாதிரிகளை மாணவர் முன் வைத்தார். 1857-இல் கார்ல்ஸ்ரூஹ பாலிடெக்னிக்கின் இயக்குநராகவும் ஆனார்.

மோட்டார் வாகனத்தால் உலகறிந்த கார்ல் பென்ஸ் அங்கே அவரிடம் பயின்றவர். பென்ஸ் பின்னர் தொழிற்சாலைகளில் கற்றதைச் சொல்லி எதிரணியினர் மறுக்கலாம். அப்படியானால் ஃபிரான்ஸ் ரூலோவைப் பாருங்கள். தந்தையும் பாட்டனாரும் இயந்திரம் செய்தவர்கள். பட்டறைச் சத்தத்திலேயே வளர்ந்தவர். அவரும் 1850-இல் கார்ல்ஸ்ரூஹவுக்குச் சென்று ரெட்டன்பாகரின் மாணவரானார். பிற்காலத்தில், இயந்திர உறுப்புகள் எப்படி இயங்குகின்றன என்பதை ஆராயும் இயந்திர இயக்கவியலையே தனித்துறையாக நிறுவினார். பரம்பரையாக இயந்திரம் செய்த குடும்பத்தில் பிறந்த அந்த இளைஞர் எதைத் தேடி அந்த வகுப்பறைக்குப் போனார் என்பதை, எனக்குப் பின் பேசவரும் எதிரணி நண்பர் இந்த மேடையில் விளக்க வேண்டும்.