பாட்டி கொளுத்திய ஒட்டுப்பால்

வணக்கம் நேயர்களே. மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்திருக்கிறேன், பால்மரக்காட்டுப் பிள்ளை, அதாவது ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன். பேச்சும் அதைப் பற்றித்தான்.

ஒட்டுப்பால் உங்களுக்குத் தெரியும். ரப்பர் மரத்தில் முதல் நாள் வெட்டிய கோட்டில் வழிந்த பால் காய்ந்து கிடக்கும், மறுநாள் அதை உரித்துப் பையில் போட்ட பிறகுதான் கத்தி வைக்க முடியும். 1942இல் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்த பிறகு மண்ணெண்ணெய் கிடைக்காமல், அந்த ஒட்டுப்பாலைத்தான் என் பாட்டி திரியாகத் திரித்து லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், விளக்குக்குக் கொளுத்தினார். ஒரே கரும்புகை, நாற்றம், விடிந்தால் பிள்ளைகள் மூக்கெல்லாம் கரி. மரம் நிற்கிறது, பாலை வாங்கத்தான் ஆள் இல்லை, சாப்பாடு மரவள்ளிக்கிழங்கு.

சரி, அதே 1942இல் அமெரிக்காவில் என்ன நடந்தது? நம் பக்கத்து ரப்பர் ஜப்பான் கையில் போனதும் அவர்களுக்கு வந்துகொண்டிருந்ததில் 10இல் 9 பங்கு நின்றுபோனது. ஜூன் மாதம் அதிபர் ரூஸ்வெல்ட்டே வானொலியில் பேசி, பழைய டயர், மழைக்கோட்டு, தோட்டத்துக் குழாய், ரப்பர் செருப்பு எல்லாவற்றையும் பெட்ரோல் நிலையத்தில் கொடுங்கள் என்று கேட்டார், ராத்தலுக்கு 1 சென்ட். அங்கே பழைய செருப்பைப் பொறுக்குகிறார்கள், இங்கே பாட்டி புதுப் பாலை எரிக்கிறார். இதை நான் போகிற இடமெல்லாம் சொல்வேன், இன்னும் மனசு ஆறவில்லை.

அப்புறம் பெட்ரோலுக்கு நாடு முழுக்கப் பங்கீடு வைத்தார்கள். பெட்ரோல் தட்டுப்பாட்டைவிட டயர் தேயக் கூடாது என்ற கவலைதான் பெரிது. காரும் மணிக்கு 35 மைலுக்கு மேல் போகக் கூடாது. கூடவே பெட்ரோலியத்திலிருந்து செயற்கை ரப்பர் செய்து, 1945க்குள் ஆண்டுக்கு 7 லட்சம் டன்னுக்கு மேல் கொண்டுவந்துவிட்டார்கள். சண்டை முடிந்து தோட்டங்கள் திறந்தபோது நம் பாலுக்கு அதுவே போட்டி. ஆனாலும் விமானச் சக்கரத்துக்கு இன்றும் மரத்துப் பால் வேண்டும். 2017இல் ஐரோப்பிய ஒன்றியமும் இயற்கை ரப்பரை முக்கிய மூலப்பொருள் பட்டியலில் சேர்த்தது. சரக்கு எத்தனை டன் என்று எண்ணுகிறார்கள். விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் வரிசையில், நின்ற ஆளையும் எண்ண வேண்டும் என்பதுதான் என் வாதம். ஜப்பான்காரன் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதை வேலைக்கு ஏற்றிக்கொண்டு போனது அந்த ஆளைத்தானே.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். எங்கள் பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கு ஈயம் பற்றியும் குறிப்பு வைத்திருந்தேன்: அதுவும் நின்றுபோனபோது, அமெரிக்கா டெக்சஸில் கட்டிய உருக்காலையில் பொலிவியாவிலிருந்து வந்த ஈயத்தாதுவை உருக்கியது. மீதி இன்னொரு நாள். வணக்கம்.