கப்பலில் குடியிருந்த அரசர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

2023 நவம்பரில் சென்னைப் பெண் வைஷாலி மகளிர் கிராண்ட் ஸ்விஸ் சதுரங்கப் போட்டியில் வென்றது நினைவிருக்கும். போட்டி நடந்த இடம் ஐல் ஆஃப் மேன். செய்தியைப் படித்த பலர் அதை இங்கிலாந்தில் ஏதோ ஓர் ஊர் என்றுதான் நினைத்திருப்பார்கள். அது ஐரிஷ் கடலின் நடுவில் கிடக்கும் ஒரு தனித் தீவு. பரப்பு 570 சதுர கிலோமீட்டர் சொச்சம். இவ்வளவு சிறிய தீவு ஒரு காலத்தில் ஓர் அரசின் தலைமை இடமாக இருந்தது. அந்த அரசின் வடக்கு எல்லை, 400 கிலோமீட்டருக்கும் அப்பால், ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள லூயிஸ் தீவு. ஆண்டவர்கள் நோர்ஸ் வழி வந்தவர்கள், அதாவது நாம் வைக்கிங் என்று சொல்கிறோமே, அவர்களுடைய வம்சம்.

வைக்கிங் என்றாலே கொள்ளைக்காரன் என்று முடித்துவிடுகிறோம். கொள்ளை அடித்தார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரே குடும்பம், நடுவில் சில இடைவெளிகள் தவிர, 1079 முதல் 1265 வரை இந்தத் தீவுகளை ஆண்டிருக்கிறது. கொள்ளையை மட்டும் நம்பி யாரும் இவ்வளவு காலம் ஆள முடியாது. அப்படியானால் எதை நம்பி ஆண்டார்கள்? இன்றைக்கு நான் பேச வந்தது அதைத்தான்.

வரைபடத்தில் நார்வேயில் விரல் வையுங்கள். அங்கிருந்து ஷெட்லாந்து, ஆர்க்னி, பிறகு ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரம் ஹெப்ரிடீஸ் தீவுகள், அப்புறம் மேன், கடைசியில் டப்ளின். டப்ளினில் வெள்ளி புழங்கியது, அடிமைச் சந்தை இருந்தது. வடக்கே இருந்து அங்கே போகிற கப்பல் இந்தத் தீவுகளை ஒட்டித்தான் போயாக வேண்டும். அந்த வழியைக் கையில் வைத்திருப்பவனுக்கு வயல் குறைவாக இருந்தாலும் கவலையில்லை.

இந்த வம்சத்தைத் தொடங்கியவன் காட்ரெட் குரோவன். 1066இல் ஸ்டாம்ஃபர்ட் பிரிட்ஜ் போரில் நார்வே அரசனோடு நின்று, தோற்று, உயிர் தப்பி மேன் தீவுக்கு ஓடி வந்தவன். பின்னர் அதே தீவின் மேல் படையெடுத்து இரண்டு முறை தோற்றான். 1079இல் மூன்றாவது முறை இரவில் ராம்சே துறைமுகத்துக்கு வந்து, ஸ்கைஹில் என்ற குன்றின் காட்டில் 300 பேரை ஒளித்து வைத்தான். காலையில் சண்டை மும்முரமானபோது ஒளிந்திருந்தவர்கள் பின்னாலிருந்து பாய்ந்தார்கள். தீவுக்காரர்கள் பின்வாங்கப் பார்த்தார்கள். ஆற்றில் கடலேற்றம், கடக்க வழியில்லை. உயிர்ப்பிச்சை கேட்டார்கள், கொடுத்தான்.

அடுத்து அவன் செய்ததைக் கவனிக்க வேண்டும். தன் வீரர்களிடம், நிலத்தைப் பங்கு போட்டுக்கொண்டு இங்கேயே இருக்கிறீர்களா, அள்ளிக்கொண்டு ஊர் போகிறீர்களா என்று கேட்டான். பெரும்பாலோர் அள்ளிக்கொண்டு கிளம்பினார்கள். தங்கிய சிலருக்குத் தெற்குப் பகுதியையும் பழைய குடிகளுக்கு வடக்குப் பகுதியையும் கொடுத்து, நிலம் பரம்பரைச் சொத்து என்று எவரும் உரிமை கோரக் கூடாது என்று விதித்தான். அந்த நாட்டுத் துறவிகள் லத்தீனில் எழுதி வைத்த வரலாற்றில் இன்னொரு வரியும் இருக்கிறது: அவன் ஸ்காட்லாந்துக்காரர்களை அடக்கி வைத்த விதத்தில், கப்பல் கட்டுகிற எவனும் மூன்று ஆணிக்கு மேல் அடிக்கத் துணியவில்லையாம். கொஞ்சம் மிகைதான். ஆனால் அந்த அரசின் உயிர் எங்கே இருந்தது என்பதை எந்த ஆவணத்தையும் விட இந்த வரி நன்றாகச் சொல்கிறது. அடுத்தவனிடம் பெரிய கப்பல் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அடுத்தவனிடம் பெரிய கப்பல்கள் வந்தபோது என்ன ஆனது என்றும் பார்த்துவிட்டார்கள். 1156 ஜனவரியில், இரவு நேரக் கடற்போருக்குப் பின், சோமர்லெட் என்ற தலைவன் அரசின் நடுப்பகுதித் தீவுகளைப் பிரித்துக்கொண்டான். இத்தனைக்கும் அவன் அந்த அரச குடும்பத்தின் மருமகன்.

எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் மனதைத் தைப்பது ரக்ன்வால்ட், ஓலாஃப் என்ற இரண்டு சகோதரர்களின் கதை. 1187இல் தகப்பன் இறந்தபோது முறைப்படி வாரிசு ஓலாஃப். ஆனால் அவன் பத்து வயதுப் பையன். மக்கள் மூத்தவன் ரக்ன்வால்டை வரவழைத்து அரசனாக்கினார்கள். ரக்ன்வால்ட் மூன்று ஆண்டுகள் கப்பலிலேயே வாழ்ந்து, புகைக்கரி படிந்த கூரையின் கீழ் ஓர் இரவுகூடப் படுக்காதவன் என்று ஓர் ஐஸ்லாந்துப் பழங்கதை புகழ்கிறது.

தம்பிக்கு அவன் கொடுத்தது லூயிஸ் தீவு. மலையும் பாறையும், உழவுக்கு ஆகாத மண் என்று துறவிகளே எழுதுகிறார்கள். ஆனால் கடல் வழியில் வறண்ட தீவுக்கும் செல்வம் வந்து சேரும். 1831இல் இதே லூயிஸின் ஊய்க் பகுதியில் வால்ரஸ் தந்தத்தில் செதுக்கிய 12ஆம் நூற்றாண்டுச் சதுரங்கக் காய்கள் ஒரு குவியலாகக் கிடைத்தன. நார்வேயின் திரோண்ட்ஹைமில் செய்யப்பட்டிருக்கலாம் என்பது பலருடைய கருத்து. ராணி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். யானை இருக்க வேண்டிய இடத்தில் கேடயத்தைக் கடித்துக்கொண்டு வெறியோடு ஒரு வீரன் நிற்கிறான். இந்தியாவில் பிறந்த ஆட்டம் அந்தக் குளிர்க் கடல் வரை போயிருக்கிறது.

ஓலாஃப் இது போதாது, வேறு இடம் கொடு என்று கேட்டான். அண்ணன் அவனைச் சங்கிலியில் பூட்டி ஸ்காட்லாந்து அரசனிடம் அனுப்பினான். ஏறக்குறைய ஏழு ஆண்டு சிறை. 1214இல் அந்த அரசன் இறந்த பிறகுதான் விடுதலை. பின்னர் 1223இல் ஓலாஃபைக் கொல்ல ரக்ன்வால்டின் மகன் முயன்றான். அவனே பிடிபட்டு, கண்கள் பறிக்கப்பட்டு முடமானான். ஓலாஃபுக்கு இதில் சம்மதமில்லை, தடுக்கவும் முடியவில்லை என்று அந்த வரலாறு சொல்கிறது.

1224இல் ஓலாஃப் 32 கப்பல்களோடு மேன் தீவுக்கு வந்து பாதி அரசைக் கேட்டு வாங்கினான். ரக்ன்வால்ட், தென்மேற்கு ஸ்காட்லாந்தில் உள்ள காலோவே பகுதிப் பிரபுவின் மகனுக்குத் தன் மகளைக் கொடுத்து அந்தப் பக்கம் சாய்ந்தான். அதில் வெறுத்துப்போன மக்கள் ஓலாஃபையே முழு அரசனாக்கினார்கள். பிறகு ஒரு குளிர்கால இரவில் ரக்ன்வால்ட் ஐந்தே கப்பலில் வந்து, துறையில் நின்ற தம்பியின் கப்பல்கள் அத்தனையையும் எரித்தான். கப்பல் போனால் அரசன் போனான் என்பது அவனுக்குத் தெரியாதா? தெரிந்துதான் செய்தான். ஆனால் தரையில் ஆள் மிச்சம் இருந்தது. 1229 பிப்ரவரி 14 அன்று டின்வால்ட் என்ற இடத்தில் நடந்த சண்டையில் ரக்ன்வால்ட் கொல்லப்பட்டான்.

அதற்குப் பிறகு சரிவுதான். ஓலாஃபின் மகன் ஹரால்ட் நார்வே அரசரின் மகள் செசிலியாவை மணந்து திரும்பும் வழியில், 1248இல் ஷெட்லாந்துக்கு அருகே நீர்ச்சுழலில் கப்பலோடு மூழ்கினான், மணப்பெண்ணும் போனாள். 1263இல், இந்தத் தீவுகளுக்கு மேலரசராக இருந்த நார்வே அரசர் ஹாகோன் பெரும் கடற்படையோடு வந்து, ஸ்காட்லாந்தின் லார்க்ஸ் கரையில் புயலும் போரும் சேர்ந்து அலைக்கழிக்க, திரும்பும் வழியில் ஆர்க்னியில் இறந்தார். மேனின் கடைசி அரசன் மேக்னஸ் ஸ்காட்லாந்துக்குப் பணிந்தான். அவனிடம் அவர்கள் கேட்டது பொன் அல்ல, தேவைப்படும்போது பத்துப் போர்க்கப்பல்கள். 1265இல் அவனும் இறந்தான். அடுத்த ஆண்டு பெர்த் உடன்படிக்கையில் 4000 மார்க் பணத்துக்கும் ஆண்டுக்கு 100 மார்க்குக்கும் நார்வே இந்தத் தீவுகளை ஸ்காட்லாந்துக்கு விட்டுக்கொடுத்தது.

அரசு போனது, சபை போகவில்லை. அண்ணனும் தம்பியும் மோதிய டின்வால்டில் ஒரு படிக்கட்டு மேடு இருக்கிறது. நோர்ஸ் காலத்து மக்கள் சபை கூடிய வழக்கம் அங்கே இன்றும் நடக்கிறது. வழக்கமாக ஜூலை 5 அன்று அந்தத் தீவின் நாடாளுமன்றம் திறந்தவெளியில் கூடி, புதுச் சட்டங்களின் சுருக்கத்தைத் தீவின் சொந்த மொழியான மாங்க்ஸிலும் ஆங்கிலத்திலும் உரக்கப் படிக்கிறது. மக்கள் அங்கேயே தங்கள் குறைகளை மனுவாகக் கொடுக்கலாம். ஒரு சட்டம் நிறைவேறிய 18 மாதத்துக்குள் அந்த மேட்டில் அறிவிக்கப்படாவிட்டால், அது செல்லாது.

நன்றி, வணக்கம்.