162 பேருக்கு முன்னால் ஜான்

அவையோருக்கு வணக்கம்.

ஆல்டஸ் ஹக்ஸ்லியின் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ நாவல் 1932-இல் வெளிவந்தது. மனிதர்களைப் புட்டியில் உருவாக்கி, சாதி சாதியாகப் பழக்கும் எதிர்கால அரசு ஒன்றின் கதை. அந்த அரசுக்கு வெளியே பழங்குடிக் கிராமத்தில் வளர்ந்து, பிறகு லண்டனுக்குக் கொண்டுவரப்படும் ஜானைக் கொடுங்கோன்மையை எதிர்த்த போராளி என்று பலரும் சொல்கிறோம். எனக்கு அந்த வார்த்தை பொருந்தியதாகத் தெரியவில்லை. அந்த அரசு அவனைச் சிறையில் தள்ளவே இல்லை. அவன் பேச்சு எடுபடாத ஊரில் அவனை விட்டுவைத்தது, அவ்வளவுதான்.

பதினைந்தாம் அத்தியாயத்துக்கு வாருங்கள். லண்டனில், சாகப்போகிறவர்களுக்கென்றே நடத்தப்படும் மருத்துவமனை. தாய் லிண்டா சற்று முன்புதான் இறந்திருக்கிறாள். கவலை மறக்க அரசே தரும் சோமா மாத்திரையை விழுங்கி விழுங்கியே போய்ச் சேர்ந்தவள். ஜான் கீழே இறங்கி வருகிறான். வேலை முடிந்த, டெல்டா என்ற கீழ்ச்சாதி ஊழியர்கள் 162 பேர், அன்றைய சோமா பங்குக்காக நிற்கிறார்கள். ஆள் 162, முகம் இரண்டே இரண்டு. 84 பெண்கள் ஓர் அச்சு, 78 ஆண்கள் ஓர் அச்சு. ஒரே கருமுட்டையிலிருந்து 96 பேர் வரை உருவாக்கத் தெரிந்த நாடு அது.

‘வாங்காதீர்கள், விஷம்’ என்று கத்துகிறான். சுதந்திர மனிதர்களாக வாழ ஆசையில்லையா என்று கேட்கிறான். வெறித்துப் பார்க்கிறார்கள். மாத்திரைப் பெட்டிகளைக் கைநிறைய அள்ளி ஜன்னலுக்கு வெளியே வீசுகிறான். கூட்டம் அவன்மேல் பாய்கிறது.

ஏன் பாய்கிறது என்பதற்கு விடை இரண்டாம் அத்தியாயத்திலேயே இருக்கிறது. எட்டு மாத டெல்டா குழந்தைகளின் முன் படப் புத்தகங்களையும் ரோஜாக்களையும் பரப்புகிறார்கள். குழந்தைகள் ஆசையாகத் தவழ்ந்து போய்த் தொட்டதும் சைரன் அலறுகிறது. அடுத்து தரையில் மின்சாரம் பாய்கிறது. இதே பாடம் ஏறக்குறைய 200 முறை. அதற்கும் முன்பே, கண்ணாடிப் புட்டியில் கருவாக இருக்கும்போதே, சாதி இறங்க இறங்க ஆக்சிஜனைக் குறைத்துவிடுகிறார்கள்.

ஜானின் மொழியோ முழுக்க ஒரு புத்தகத்திலிருந்து வந்தது. நியூ மெக்சிகோவின் மால்பைஸ் கிராமத்தில், எலி கடித்த அட்டையோடு கிடைத்த ஷேக்ஸ்பியர் தொகுப்பு அது. அந்த ஊர்க்காரர்களும் வெள்ளைத் தோல்காரன் என்று தங்கள் சடங்கிலிருந்து அவனைக் கல்லெறிந்து விரட்டியவர்கள்தான். புத்தகத்தில் பிறந்த பேச்சு, புத்தகத்தைக் கண்டாலே நடுங்கப் பழக்கப்பட்டவர்களின் காதில் விழுகிறது. எப்படி ஏறும்? காவலர்கள் வந்து சோமா ஆவியைத் தெளிக்கிறார்கள், பெட்டியிலிருந்து பதிவுசெய்த குரல் கொஞ்சுகிறது. இரண்டே நிமிடத்தில் டெல்டாக்கள் அழுதுகொண்டே ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள்.

ஆட்சியாளர் முஸ்தபா மோண்டுக்கு இதெல்லாம் அத்துப்படி. சைப்ரஸில் உச்ச சாதியான ஆல்ஃபாக்கள் 22,000 பேரை மட்டும் குடிவைத்த கதையைச் சொல்கிறார். ஆறு வருடம்கூட ஆகவில்லை. உள்நாட்டுப் போரில் 19,000 பேர் செத்தார்கள். துன்பப்படும் உரிமை எனக்கு வேண்டும் என்கிறான் ஜான். மோண்ட் தோளைக் குலுக்கிவிட்டு, எடுத்துக்கொள் என்கிறார். நண்பன் ஹெல்ம்ஹோல்ட்ஸை ஒரு தீவுக்கு நாடுகடத்துகிறார்கள். ஜானுக்கு அதுவும் மறுக்கப்படுகிறது, அவனை வைத்து நடக்கும் சோதனை தொடர வேண்டுமாம்!

பைத்தியக்கார நாகரிகம், பழங்குடிக் கிராமம் என்று இரண்டே வழிகளைத்தான் அவனுக்குத் தந்தேன், அது குறைதான் என்று ஹக்ஸ்லியே 1946 முன்னுரையில் ஒப்புக்கொண்டார். இருக்கலாம். ஆனால் மூன்றாவது வழி ஒன்று இருந்திருந்தாலும், அந்தக் கூடத்தில் நின்ற 162 பேருக்கு அதை எந்தச் சொல்லால் சொல்லியிருப்பான்?

சர்ரேயில் ஒரு பழைய கலங்கரை விளக்கத்தில் ஒதுங்குகிறான். தன்னைச் சாட்டையால் அடித்துக்கொள்வதை ஒருவன் மறைந்திருந்து படமெடுக்கிறான். படம் ஓடுகிறது, ஹெலிகாப்டர்கள் மொய்க்கின்றன, ‘சாட்டை வேண்டும், சாட்டை வேண்டும்’ என்று கூட்டம் கத்துகிறது. மறுநாள் மாலையும் வந்தார்கள், இன்னும் பெரிய கூட்டமாக. கதவு திறந்தே கிடந்தது. உள்ளே போனவர்கள் கண்டது அந்தரத்தில் தொங்கி, திசைகாட்டி முள்ளைப் போல மெல்லத் திரும்பிக்கொண்டிருந்த இரண்டு பாதங்களை.