சென்னை தமிழ் ஊர்தானா?

எல்லோருக்கும் வணக்கம். நாற்காலி போதாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

நான் ராயபுரத்தில் பிறந்தவன். பதினெட்டு வயதில் தெற்கே ஒரு கல்லூரிக்குப் படிக்கப் போனேன். முதல் வாரம் விடுதியில் ஒருவன் "சாப்டியா?" என்று கேட்டான். "இப்பத்தான் துன்னுட்டு வந்துகினு இருக்கேன்" என்றேன். அறையே சிரித்தது. "இது என்ன பாஷைடா, தமிழே இல்லையே" என்றார்கள். அப்புறம் மூன்று வருஷம் அந்தக் 'கினு'வை நாக்கிலிருந்து பிடுங்கிப் போடப் பாடுபட்டேன். லீவுக்கு வீட்டுக்கு வந்தபோது அம்மாவிடம்கூட 'கிட்டு' போட்டுத்தான் பேசினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இன்றைக்கு உங்களிடம் சொல்லப்போகிறேன்.

சென்னையைப் பற்றி நாம் அடிக்கடி கேட்கிற பேச்சு இது: "அது தமிழ்நாட்டில் இருக்கிறது, அவ்வளவுதான். தமிழ்ப் பண்பாடு பார்க்கணும்னா மதுரைக்குப் போ, தஞ்சாவூருக்குப் போ. சென்னை வெள்ளைக்காரன் கட்டினது, தெலுங்கரும் சேட்டும் வந்து குடியேறினது, பேசுவது ஒரு கலப்படத் தமிழ்." வெளியூர்க்காரர்கள் மட்டும் சொன்னால் பரவாயில்லை, இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் "எங்களுக்குச் சொந்த ஊர்னு ஒண்ணும் கிடையாது, மெட்ராஸ்தான்" என்று ஏதோ குறைபோலச் சொல்கிறார்கள். பொங்கலுக்குப் பஸ் நிலையத்தில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்துவிட்டு, ஊர் என்றால் பஸ் ஏறிப் போகிற இடம் என்று நாமும் நம்பிவிட்டோம்.

முதலில் அந்தக் 'கினு'வை எடுத்துக்கொள்கிறேன். வந்துகொண்டு என்பது எழுத்துத் தமிழ். அந்தக் 'கொண்டு' பேச்சில் தேயும்போது சில ஊரில் 'கிட்டு' ஆகிறது, நம் பக்கம் 'கினு' ஆகிறது. இரண்டும் தேய்ந்த சொல்தான், ஒன்று தேய்ந்தால் தமிழ், இன்னொன்று தேய்ந்தால் கொச்சையா? இந்தக் கினு சென்னைக்கு மட்டும் சொந்தமும் இல்லை. செங்கல்பட்டுப் பக்கம் போங்கள், ஆற்காட்டுப் பக்கம் போங்கள், வயல்காட்டில் கேட்கலாம். துட்டு என்று சொன்னால் மெட்ராஸ் பாஷை என்கிறார்கள். டச்சுக்காரர்களின் சின்ன நாணயத்தின் பேர் அது, திருநெல்வேலிக்காரரும் துட்டு என்றுதான் சொல்கிறார், அவரை யாரும் கலப்படம் என்பதில்லை. நாஸ்தா உருதுவிலிருந்து வந்தது, நைனா தெலுங்கு, சரி. ஜன்னலும் சாவியும் மேசையும் போர்த்துக்கீசியக் கப்பலில் வந்தவைதானே, அவை இல்லாமல் எந்த ஊரில் தமிழ் வீடு இருக்கிறது?

இதிலிருந்து எனக்குப் பட்டது ஒன்று. சென்னையைத் தமிழ் ஊர் இல்லை என்கிறவர்கள் கையில் வைத்திருக்கிற அளவுகோல் காவிரிக்கரையிலோ வைகைக்கரையிலோ செய்தது. நம் ஊர் பாலாற்றுக்கும் கொசஸ்தலையாற்றுக்கும் நடுவில், தொண்டைநாட்டில் இருக்கிறது. தெருக்கூத்து, திரௌபதி அம்மனுக்குத் தீமிதி, ஆடி மாதம் தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் வார்த்து அதற்குக் கருவாட்டுக் குழம்பு, இதெல்லாம் தொண்டைநாட்டு வாழ்க்கை, அது இங்கே வியாசர்பாடியிலும் சிந்தாதிரிப்பேட்டையிலும் அப்படியே இருக்கிறது. தஞ்சாவூரின் சாயல் இங்கே இல்லையென்றால், இது தஞ்சாவூர் இல்லை என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

1639 ஆகஸ்ட் 22 அன்று கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் தாமர்லா வெங்கடாத்ரி நாயக்கரிடம் கோட்டைக்கு இடம் வாங்கியதை ஊரின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறோம். கொண்டாடட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை, சென்னை என்ற பேரே அவருடைய அப்பா சென்னப்ப நாயக்கர் பேரில் வந்தது என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். ஆனால் அன்றைக்குப் பிறந்தது கோட்டை. ஊர்கள் அதற்கு முன்பே இருந்தன. உங்கள் பஸ் ரூட்டில் வருகிற பேர்களைச் சொல்லிப் பாருங்கள். சேப்பாக்கம், நுங்கம்பாக்கம், கீழ்ப்பாக்கம், மீனம்பாக்கம், துரைப்பாக்கம். நம் இலக்கணத்தில் கடற்கரை நிலமான நெய்தலில் இருக்கும் ஊருக்குப் பட்டினம், பாக்கம் என்று இரண்டு பேர். இங்கே பட்டினப்பாக்கம் என்றே ஒரு நிறுத்தம் இருக்கிறது, இரண்டும் சேர்ந்து. திருவொற்றியூரில் சுந்தரர் சங்கிலியாரைக் கல்யாணம் செய்துகொண்டார், பேயாழ்வார் மயிலாப்பூரில் பிறந்தார், திருவல்லிக்கேணிக் கோயிலில் பல்லவர் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. இதையெல்லாம் அடுக்கிக்கொண்டே போகலாம், ஆனால் ஒன்றை மட்டும் நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் என் மனதை மாற்றியது அதுதான்.

மயிலாப்பூர் வணிகர் சிவநேசரின் மகள் பூம்பாவை பாம்பு கடித்து இறந்துபோகிறாள். அவளுடைய எலும்பையும் சாம்பலையும் ஒரு குடத்தில் எடுத்து வைத்திருக்கிறார் அப்பா. 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் வருகிறார். அந்தக் குடத்தைப் பார்த்து அவர் பாடுவது என்ன தெரியுமா? இந்த ஊர்த் திருவிழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதைப் பார்க்காமல் போய்விடுவாயா பெண்ணே என்று கேட்கிறார். கார்த்திகை விளக்கு, தைப்பூசம், பங்குனி உத்திரம். அதில் ஒன்று மாசிக் கடலாட்டு. செத்துப்போன ஒரு பெண்ணைத் திரும்பக் கூப்பிட, இந்த ஊரின் கடற்கரைத் திருவிழாவே போதும் என்று நினைத்திருக்கிறார் அந்தப் பிள்ளை.

இப்போது மாசிமகத்தன்று காலை மெரினாவுக்குப் போய் நில்லுங்கள். மயிலாப்பூரிலிருந்து கபாலீசுவரர் வருவார், திருவல்லிக்கேணியிலிருந்து பார்த்தசாரதி வருவார், சுற்றுவட்டாரக் குப்பங்களிலிருந்து அம்மன்கள் டிராக்டரிலும் மினி லாரியிலும் மேளத்தோடு வரும். சைவம், வைணவம், மீனவர் தெருக் கோயில் எல்லாம் ஒரே மணலில், ஒரே உப்புத் தண்ணீரில். 1300 வருஷத்துக்கும் மேலாகப் பாட்டில் இருக்கிற ஒரு வழக்கம் இன்றைக்கும் ஐ.டி. கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வருகிறவர்களோடு நடக்கிறது. எந்த ஊர்க்காரர் வேண்டுமானாலும் வந்து, இது தமிழ் ஊரா என்று அந்த மணலில் நின்று கேட்கட்டும்.

சரி, கலப்பு என்கிறார்களே, அதற்கு வருகிறேன். கலப்பு உண்டு, நிறையவே உண்டு. சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்க முதல் பாலம் கட்டியவர், பரங்கிமலைக்குப் படிக்கட்டு போட்டவர், கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்கிற ஆர்மேனிய வணிகர். உலகத்திலேயே முதல் ஆர்மேனியப் பத்திரிகை 1794இல் நம் மதராசப்பட்டினத்தில்தான் அச்சானது. பர்மாவிலிருந்து 1960களில் கைப்பெட்டியோடு திரும்பி வந்தவர்கள் கடற்கரை ஸ்டேஷன் பக்கம் போட்ட அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் கடைகள் இன்றைக்கு வடசென்னைப் பிள்ளைகளின் சாயங்காலச் சாப்பாடு. பிரிவினையில் சிந்துவை விட்டு வந்த குடும்பங்கள் மயிலாப்பூரில் சமைத்து, ரம்ஜான் மாதம் திருவல்லிக்கேணி வாலாஜா மசூதிக்குக் கொண்டுபோய்ப் பரிமாறுகிறார்கள், பல பத்தாண்டுகளாக. இதெல்லாம் தமிழ்ப் பண்பாட்டுக்கு வெளியே நடப்பதாக நினைக்கிறவர்களுக்கு நான் பட்டினப்பாலை என்கிற சங்கப் பாட்டைத்தான் காட்டுவேன். காவிரிப்பூம்பட்டினத்துக்குப் பெருமை சேர்க்க அந்தப் புலவர் எதைச் சொன்னார்? பல மொழி பேசுகிற நாடுகளிலிருந்து புலம்பெயர்ந்து வந்தவர்கள் 'கலந்து இனிது உறையும்' பட்டினம் என்றார். கலந்து உறைவதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தமிழன் கட்டிய கடற்கரைப் பட்டினம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

தெலுங்கு பேசுகிறவர்களைப் பற்றி நான் மரியாதையோடு பேச விரும்புகிறேன், இந்த அவையிலேயே பலர் வீட்டில் தெலுங்கு பேசுவீர்கள். 1952இல் தனி ஆந்திர மாநிலம் கேட்டுப் பொட்டி ஸ்ரீராமுலு 50 நாளுக்கு மேல் பட்டினி கிடந்து உயிர் விட்டது இதே மயிலாப்பூரில்தான். சென்னையும் ஆந்திரத்தோடு சேர வேண்டும் என்று அவர்கள் கேட்டதும், "தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்" என்று ம.பொ.சி. எழுந்ததும் நமக்குத் தெரிந்த கதை. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் கர்னூலைத் தலைநகராக வைத்துப் பிறந்தது. ம.பொ.சி. நின்ற பக்கமே நானும் நிற்கிறேன், அதில் ஐயம் இல்லை. ஆனால் அதற்கப்புறம் என்ன நடந்தது என்று பாருங்கள். இங்கே இருந்த தெலுங்குக் குடும்பங்களை யாரும் கிளம்பு என்று சொல்லவில்லை, தெலுங்குப் படங்கள் அதற்குப் பிறகும் பல வருஷம் கோடம்பாக்கத்திலேயே எடுக்கப்பட்டன. ஊர் நம்முடையது என்று உறுதியாகத் தெரிந்தவனுக்கு அடுத்த வீட்டுக்காரர் மொழி பயம் தராது.

இன்னொன்று, இதைத் தஞ்சாவூர், மதுரைப் பெருமை பேசுகிற நண்பர்களும் கேட்க வேண்டும். நீங்கள் பெருமைப்படுகிற அந்தப் பழந்தமிழ்ப் பாட்டு உங்கள் கைக்கு எந்த வழியில் வந்தது? யாழ்ப்பாணத்து நல்லூரிலிருந்து வந்த ஆறுமுக நாவலர் அச்சுக்கூடம் வைத்தது இங்கே. சீவகசிந்தாமணியை உ.வே.சா. 1887இல் அச்சேற்றியது இங்கே. கும்பகோணத்தில் வேலை பார்த்தவர் அச்சுக்காகச் சென்னைக்கு வந்து போனார், 1903இல் குடியே வந்து, அப்புறம் திருவல்லிக்கேணியிலேயே பல பத்தாண்டு இருந்தார். வள்ளலார் வளர்ந்தது ஏழுகிணறு. அயோத்திதாசர் 'தமிழன்' பத்திரிகை நடத்தியது ராயப்பேட்டை. இந்தி எதிர்ப்பில் முதலில் செத்த நடராசனும் தாளமுத்துவும் மூலக்கொத்தளத்தில் படுத்திருக்கிறார்கள், அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒருமுறை நின்றுவிட்டுப் போங்கள். தமிழுக்கு இவ்வளவு நடந்த ஊரைப் பார்த்து நீ தமிழா என்று கேட்பது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

ஆனால் பயம் எனக்கும் உண்டு, அது வேறு பயம். இந்த ஊரின் தமிழை நாக்கில் வைத்திருக்கிறவர்கள் யார்? கூவம் கரையில் இருந்தவர்கள், குப்பத்தில் இருக்கிறவர்கள், சாவு வீட்டில் ராத்திரி முழுக்கக் கானா பாடுகிறவர்கள். அவர்களைத்தான் மூட்டை கட்டி கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் விட்டோம். வேலை இருந்த இடத்தில் வீடு இல்லை, வீடு கொடுத்த இடத்தில் வேலை இல்லை. சென்னைக்கு வந்து குடியேறியவரால் பண்பாடு கெடுகிறது என்று கவலைப்படுகிறவர்கள், சென்னையிலேயே பிறந்தவர் வெளியே அனுப்பப்பட்டபோது எங்கே போயிருந்தார்கள்? எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி, கண்ணகி நகரில் மூன்றாவது மாடியில் இருக்கிறார், ஆடி வந்தால் கூழ் காய்ச்ச இரண்டு பஸ் மாறிப் பழைய தெருவுக்கே வருகிறார். அந்தத் தெருவில் அவர் வீடு இருந்த இடம் இப்போது கார் நிறுத்துகிற இடம்.

நேரம் ஆகிவிட்டது, மணியடித்துவிட்டார்கள். எனக்கு அடுத்துப் பேசப்போகிற அண்ணன் காசிமேட்டிலிருந்து முப்பது வருஷம் கடலுக்குப் போனவர். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குக் காற்று பேர் வைத்து, எது அடித்தால் எந்த மீன் படும் என்று சொல்வார். மேடைக்கு வரும் முன் என்னிடம், "நல்ல தமிழ்ல பேசணுமா தம்பி?" என்று கேட்டார். வீட்டில் பேசுகிற மாதிரியே பேசுங்கள் அண்ணே என்று சொல்லியிருக்கிறேன். ஃபோன் வைத்திருக்கிறவர்கள் பதிவு செய்துகொள்ளுங்கள்.