கறுப்பு மாதாவின் ஊரில் ஒரு சனி ஞாயிறு

அவையோருக்கு வணக்கம்.

சூரிச்சிலும் அதைச் சுற்றியும் இருக்கிற நம்மவர்களுக்கு, கறுப்பு மாதா கோயில் இருக்கிற ஐன்சீடெல்ன் புதிய ஊர் இல்லை. ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தால் கூட்டிப்போகிற இடம். பிள்ளைக்குச் சோதனை என்றால் ஒரு மெழுகுதிரி, வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால் இரண்டு. கத்தோலிக்கர்கள் மட்டுமா போகிறோம்? நெற்றியில் திருநீறும் பொட்டுமாக வந்து நிற்கிறவர்களையும் அங்கே பார்க்கலாம். ஆனால் எல்லோரும் செய்கிற வேலை ஒன்றுதான்: காரை நிறுத்துவது, திரி கொளுத்துவது, வாசலில் நின்று ஒரு படம், மூன்று மணிக்குள் திரும்பி வண்டி ஏறுவது. அந்த ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் சனி இரவு அங்கே தங்க வேண்டும். இன்று நான் வற்புறுத்தப்போவது இந்த ஒன்றைத்தான்.

ரயிலில் போவதே நல்லது. வேடென்ஸ்விலில் மாறி ஏறினால், சூரிச் ஏரியைக் கீழே விட்டுவிட்டு வண்டி நேராக மலைக்கு ஏறும். ஊர் ஏறத்தாழ 880 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே வெயிலடிக்கும் நாளில் மேலே சட்டையை நனைக்கிற மழை பெய்யும், கவனம்.

கதை ஒன்பதாம் நூற்றாண்டில் தொடங்குகிறது. மைன்ராட் என்ற துறவி, அப்போது இருண்ட காடாக இருந்த இந்த இடத்தில் தனியாகக் குடிசை போட்டுக்கொண்டு வாழ்ந்தார். 861ஆம் ஆண்டு ஜனவரி 21 அன்று இரண்டு பேர் வந்தார்கள். அவர்களுக்குச் சாப்பாடு கொடுத்து உபசரித்தார். அவர்களோ அவரை அடித்தே கொன்றார்கள். அவர் வளர்த்த இரண்டு அண்டங்காக்கைகள் கொலைகாரர்களை சூரிச் வரை துரத்திக் காட்டிக்கொடுத்தன என்பது மரபு. ஊரின் சின்னத்தில் இன்றும் அந்த இரண்டு பறவைகள்தான். 934இல் அதே இடத்தில் ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் மடம் எழுந்தது. இன்றும் அதே சபைதான் அங்கே இருக்கிறது.

சரி, மாதாவுக்கு வருவோம். இப்போது நாம் பார்க்கிற சுரூபம் பதினைந்தாம் நூற்றாண்டில் மரத்தில் செதுக்கியது. அது செதுக்கப்பட்டபோது கறுப்பு இல்லை. முகமும் கையும் சாதாரண மனிதத் தோல் நிறத்தில்தான் இருந்தன. மடத்துப் பெரிய கோயிலுக்குள்ளேயே மாதாவுக்கென்று சின்னஞ்சிறு சிற்றாலயம், உள்ளே இரவும் பகலும் எரியும் விளக்குகள், போகிற வருகிறவர்கள் ஏற்றிய திரிகள். முந்நூறு ஆண்டுப் புகையும் கரியும் அந்த முகத்தில் படிந்தன.

1798இல் பிரெஞ்சுப் படை வந்து மடத்தைச் சூறையாடியது, சிற்றாலயத்தையே இடித்தது. அதற்கு முன்பே சுரூபத்தை ஒளித்து எடுத்துப்போய் ஆஸ்திரியப் பக்கம் சேர்த்துவிட்டார்கள். அங்கே புளூடென்ஸ் என்ற ஊரில், 1799இல், ஃப்யூட்ஷர் என்ற கைவினைஞர் அதைப் பழுது பார்த்தார். கரியை அகற்றினால் அடியில் பழைய தோல் நிறம்! நல்ல வேலைக்காரர் இல்லையா, உள்ளதை உள்ளபடி திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். அங்குதான் சிக்கல் வந்தது. வெளுத்த முகம் பக்தர்களுக்குப் பழக்கமான முகம் இல்லை. ஆகவே கறுப்பு வண்ணத்தையே பூச வேண்டியதாயிற்று. 1803இல் மாதா வீடு திரும்பியபோது கறுப்பு மாதாவாகவே திரும்பினார்.

இந்தக் கதையைச் சொன்னால் சிலர், ‘அப்போ வெறும் பெயின்ட்தானா?’ என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிற்பி கொடுத்த முகத்தை விட்டுவிட்டு, தங்கள் திரிகள் கொடுத்த முகத்தைத்தான் சனங்கள் மாதாவின் முகமாக வைத்துக்கொண்டார்கள். எந்த ஆயரும் குருவும் சொல்லிக்கொடுத்து நடந்ததல்ல அது. அந்த ஊரில் பாதி விஷயம் இப்படித்தான் நடந்திருக்கிறது.

நாலு மணிக்கு மேல் அங்கே நின்றால்தான் ஒன்று கிடைக்கும். நாலரை மணியளவில் துறவிகளின் மாலைச் செபம். அது முடிந்ததும் கறுப்பு அங்கியில் வரிசையாக நடந்து வந்து, சிற்றாலயத்தின் முன் நின்று, லத்தீனில் ‘சால்வே ரெஜினா’ பாடுவார்கள். நம் வீட்டில் செபமாலை முடிவில் சொல்கிற ‘கிருபை தயாபத்து’ செபம்தான் அது. முதல் வரியில் ஒரே குரல் எழும், பிறகு பல குரல் பிரிந்து சேரும். சில நிமிடம்தான். பாடி முடித்து, வந்த மாதிரியே போய்விடுவார்கள். கைதட்டலும் இல்லை, அறிவிப்பும் இல்லை. மூன்று மணிக்கே வண்டியைக் கிளப்புகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

இரவு தங்கியவர்கள் காலையில், பஸ்கள் வருமுன், நிதானமாகப் பார்க்கலாம். மாதாவுக்குத் திருவழிபாட்டுக் காலத்துக்கு ஏற்ப உடை மாற்றுவார்கள். விறைப்பான பட்டாடை கழுத்திலிருந்து கால்வரை விரிந்து நிற்க, முகமும் கையும் குழந்தையும் மட்டும் தெரியும். அம்மன் அலங்காரம் பார்த்து வளர்ந்த நமக்கு அங்கே யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. மேலே நிமிர்ந்தால் பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மன் கலைஞர்களான ஆசாம் சகோதரர்களின் கைவண்ணம்: ஒருவர் ஓவியம், ஒருவர் சுதைவேலை. தேவதூதர்களின் கால்கள் சுவரைத் தாண்டி வெளியே தொங்கும். கொஞ்சம் அதிகம்தான் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

இதில் ஒரு வேடிக்கை. இந்த ஊரிலேயே 1516 முதல் 1518 வரை குருவாக இருந்து பிரசங்கம் செய்தவர் ஸ்விங்ளி. அப்புறம் சூரிச்சுக்குப் போய், கத்தோலிக்கத்திலிருந்து பிரிந்த புராட்டஸ்தாந்து சீர்திருத்தத்தைத் தொடங்கினார். 1524இல் சூரிச் கோயில்களிலிருந்து சுரூபங்களையும் படங்களையும் அகற்றிவிட்டார்கள். ஒரு மணி நேர ரயில் பயணத்துக்குள் வெறுஞ்சுவர்க் கோயிலும் பொன்பூச்சுக் கோயிலும் இருப்பதற்குக் காரணம் இதுதான். இரண்டையும் ஒரே சனி ஞாயிறில் பார்த்துவிடலாம்.

வெளியே மைதானத்தில் ஒரு நீரூற்று, பதினான்கு குழாய். அவற்றில் ஒன்றில் கிறிஸ்து தண்ணீர் குடித்தார் என்று நம்பிக்கை. எது என்று யாருக்கும் தெரியாது. அதனால் பதினான்கிலும் குடித்துவிடுவது வழக்கம். பிள்ளைகளை விட்டுப் பாருங்கள், மூன்றாவது குழாயில் நனைந்து நிற்பார்கள். மைதானத்தைச் சுற்றி வளைவாகக் கட்டிய கடைகளில் செபமாலை, திரி, மாதா படம். கோயில் வாசலில் வியாபாரமா என்று முகம் சுளிக்க வேண்டாம். மலையேறி நடந்து வந்தவனுக்கு ரொட்டியும் திரியும் விற்காமல் எந்த யாத்திரை ஊரும் வளர்ந்ததில்லை. செம்மறிக்கடா வடிவத்தில் செய்கிற தேன் ரொட்டி வாங்குங்கள், கொஞ்சம் கெட்டியாக இருக்கும், தேநீரில் தோய்த்தால் சரியாகிவிடும்.

மடத்தின் குதிரை லாயத்தையும் எட்டிப் பாருங்கள். பல நூற்றாண்டுகளாகத் துறவிகள் குதிரை வளர்க்கிறார்கள். இத்தாலிக்காரர்கள் ‘மாதாவின் குதிரைகள்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

மதியம் நேரமிருந்தால் ஸீல் ஏரிக்கரையில் நடக்கலாம். பார்த்தால் இயற்கை ஏரி போலிருக்கும், ஆனால் 1937இல் அணை கட்டித் தேக்கியது. பண்ணை வீடுகளும் வயல்களும் அடியில் போயின, குடும்பங்கள் இடம் பெயர்ந்தன. அந்தத் தண்ணீரிலிருந்து சுவிஸ் ரயில்வேக்கு மின்சாரம் எடுக்கிறார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், ஸீல் ஆற்றின் மேல் ‘பிசாசுப் பாலம்’ என்றொரு பழைய கல்பாலம். மருத்துவர் பாராசெல்சஸ் பிறந்தது அந்தப் பக்கத்தில்தான் என்பார்கள்.

அறையை மட்டும் முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். செப்டம்பர் 14 மடத்தின் பெருவிழா, அந்த வாரம் ஊரில் இடம் கிடைப்பது கடினம். முதல் முறை போகிறவர்கள் வேறு ஏதாவது சனிக்கிழமை பாருங்கள். மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தால் போதும், நாலரைக்கு உள்ளே இருக்கலாம்.