மணிக்கு மூன்று மைல்

அவையோருக்கு வணக்கம்.

இங்கிலாந்துக் கால்வாய்களில் ஓடும் நேரோபோட் என்னும் ஒடுங்கிய படகின் அகலம் 6 அடி 10 அங்குலம். நீளமோ 70 அடி வரை போகும். இந்த விசித்திர அளவை முடிவு செய்தது படகு கட்டியவர்கள் இல்லை, லாக் கட்டியவர்கள். லாக் என்பது இருமுனையிலும் கதவும் மதகும் உள்ள தொட்டி; தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ படகை ஒரு மட்டத்திலிருந்து அடுத்ததற்குக் கொண்டுபோகும். பல கால்வாய்களில் லாக்கின் அகலமே 7 அடிதான்.

தெற்கு ஆக்ஸ்ஃபர்டு கால்வாயில் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். நேப்டனில் தொடங்கி 9 லாக் ஏறினால் உச்சி மட்டம். அங்கிருந்து கிளேடன் வரை 11 மைல், இடையில் ஒரு லாக்கும் கிடையாது. லாக்குக்குக் கால் மணி, மைலுக்கு இருபது நிமிடம் என்று கணக்கு வையுங்கள், ஆறு மணி நேரம் ஆகும். காலை ஒன்பதுக்குக் கிளம்பி, வழியில் ஃபென்னி காம்ப்டனில் நிதானமாகச் சாப்பிட்டாலும் மாலை வெளிச்சத்திலேயே படகைக் கட்டிவிடலாம்.

"கொஞ்சம் வேகமாகப் போனால் என்ன?" என்பீர்கள். சட்டம் மணிக்கு 4 மைல் வரை அனுமதிக்கிறது. தண்ணீர் அனுமதிக்காது. கால்வாய் ஆழம் குறைந்தது. இன்ஜினை முறுக்கினால் புரொப்பெல்லர் படகுக்கு அடியிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிப் பின்னே தள்ளும், படகின் பின்பகுதி தரையை நோக்கி அமுங்கும், டீசல் போகும், வேகம் வராது. பின்னால் திரும்பிப் பாருங்கள்: அலை கரையில் உடைந்தால் நீங்கள் அதிவேகம். கட்டிக் கிடக்கும் படகுகளைக் கடக்கும்போது இன்னும் மெல்ல. இல்லையென்றால் அவற்றைக் கரையில் கட்டியிருக்கும் முளைகளையே பிடுங்கிவிடுவீர்கள்.

அந்த 11 மைலும் பாம்புபோல் வளையும். இதை வடிவமைத்த பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி மேட்டை வெட்டாமல், அதைச் சுற்றிச் சம உயரக்கோட்டிலேயே கால்வாயை ஓட்டினார். 1769-இல் அனுமதி கிடைத்தது, 1772-இல் அவர் இறந்தார், 1790-இல்தான் கால்வாய் ஆக்ஸ்ஃபர்டைத் தொட்டது. 1830-களில் வடபகுதியை நிமிர்த்தினார்கள். தென்பகுதியைத் தொடவில்லை, நல்லவேளை.

வளைவுகளில் டில்லரை, அதாவது சுக்கானைத் திருப்பும் கைப்பிடியை, இடப்பக்கம் தள்ளினால் படகின் முன்பக்கம் வலப்பக்கம் போகும். படகு நடுவில் ஊன்றித் திரும்புவதால் வால் எதிர்ப்பக்கம் வீசும், அதற்கும் இடம் விடுங்கள். புரொப்பெல்லர் சுழலாவிட்டால் சுக்கான் கேட்காது. பிரேக் கிடையாது, ரிவர்ஸ்தான்.

இனி லாக். ஏறும்போது காலியான லாக்குக்குள் நுழைந்து, கீழ்க் கதவுகளை மூடி, கீழ் மதகுகள் இறங்கியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு விண்ட்லஸ் என்ற கைப்பிடியால் மேல் மதகைப் பாதி மட்டும் தூக்குங்கள். ஒரேயடியாகத் திறந்தால் படகு முன்னும் பின்னும் மோதும். தண்ணீர் இருபுறமும் சமமாகும்வரை கதவு அசையாது, ஆள் சேர்த்துத் தள்ளியும் பயனில்லை. விண்ட்லஸைச் சுழல்தண்டில் மாட்டியபடி விட்டுப் போகாதீர்கள். பல்சக்கரத்தின் கொக்கி நழுவினால் கை எலும்பு முறியும்.

இறங்கும்போது ஆபத்து வேறு. மேல் கதவின் அடியில் ஒரு கல் திண்டு நீட்டிக்கொண்டிருக்கும். லாக் நிறைந்திருக்கையில் அது கண்ணுக்குத் தெரியாது, அது முடியும் இடத்தைக் கரையில் வெள்ளைக் கோடு காட்டும். படகின் வால் கோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும். திண்டில் வால் உட்கார்ந்துவிட்டால் தண்ணீர் இறங்க இறங்க மூக்கு குத்தி, படகு மூழ்கும். வால் மாட்டியது தெரிந்தால் உடனே கீழ் மதகுகளை மூடுங்கள். அதன்பிறகுதான் மேல் மதகைத் திறந்து நிரப்ப வேண்டும்.

வழியில் இன்ஜின் திணறினால் பெரும்பாலும் புரொப்பெல்லரில் துணியோ பிளாஸ்டிக்கோ சுற்றியிருக்கும். இன்ஜினை நிறுத்தி, சாவியை உருவிப் பையில் போட்டுவிட்டு, பின்தளத்தின் கீழுள்ள மூடியைத் திறந்து கைவிட்டு அறுத்தெடுங்கள். முள்கம்பியும் இருக்கலாம், கையுறை நல்லது. மூடியை மறுபடி இறுக்கிப் பூட்டாமல் கிளம்பினால் புரொப்பெல்லரே இன்ஜின் அறைக்குள் தண்ணீரை வாரி இறைக்கும்.

மாலையில் படகைக் கட்டியதும் கிரீஸ் திருகியை இறுகும்வரை திருகுங்கள். புரொப்பெல்லர் தண்டு வழியே சொட்டும் தண்ணீர் அதோடு நிற்கும். பக்கத்தில் வேறு படகு இருந்தால் இரவு எட்டு முதல் காலை எட்டு வரை இன்ஜினைத் தொடாதீர்கள்.