மண்வெட்டிக்கு முன் வர வேண்டிய காகிதங்கள்

(தேனி மாவட்டம் கம்பம் நகரில் நூலக வாசகர் வட்டமும் வணிகர்களும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, வணிகப் பெருமக்களே, தோட்ட வேலைக்குப் போய்வரும் தாய்மார்களே, இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்தப் பள்ளத்தாக்கில் தோண்டிய சாலைகளும் பாதியில் நின்ற பாலங்களும் ஏன் முடிவதில்லை என்பதைப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். நெடுஞ்சாலைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதைப் பேசுவதற்கு எனக்குக் கடமையும் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் சரியில்லை, அதிகாரி சரியில்லை, பணம் வரவில்லை என்ற மூன்று விடைகள் தேநீர்க் கடைகளில் தினமும் கிடைக்கின்றன. அவற்றில் உண்மை இருக்கிறது. ஆனாலும் நான் பார்த்தவரையில் தாமதத்தின் வேர் அதற்கும் கீழே இருக்கிறது. தோண்டுவதற்கு முன் முடித்திருக்க வேண்டிய வேலையைத் தோண்டிய பிறகு தொடங்குகிறோம். பூமி பூஜை நடக்கும் அன்றே, அந்தச் சாலை இரண்டு ஆண்டில் முடியுமா, பத்து ஆண்டில் முடியுமா என்பது ஏறக்குறையத் தீர்மானமாகி விடுகிறது.

முதலில், இந்தத் தாமதத்தின் விலையைக் கொடுப்பவர்கள் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கூடலூர், கம்பம், தேவாரம், போடி ஆகிய ஊர்களிலிருந்து விடியற்காலையில் ஆள் ஏற்றும் ஜீப்புகள் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் புறப்படுகின்றன. தூக்குச் சட்டியும் முந்தானைக்குள் சுருட்டிய சாக்குமாக ஏறும் அந்தப் பெண்கள் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்ற மூன்று வழிகளில் ஒன்றில் மலையேற வேண்டும். வழியில் ஓர் இடத்தில் சாலையைப் பாதியாக அடைத்து வாகனங்களை மாற்றி மாற்றி விட்டால், ஜீப் தோட்டத்துக்குப் பிந்திப் போகிறது, அன்றைய கூலியில் கைவைக்கப்படுகிறது, மாலையில் வீடு திரும்பும் நேரமும் இருட்டி விடுகிறது. கீழே பள்ளத்தாக்கில் கதை வேறு. சாலையோரத் திராட்சைத் தோட்டத்தில் கொடிப்பந்தலின் முதல் இரண்டு வரிசையைப் போய்ப் பாருங்கள். செம்மண் தூசி படிந்து குலைகள் பழுப்பேறி நிற்கும். பன்னீர் திராட்சையின் மேல்தோலில் இயற்கையாக இருக்கும் வெண்பூச்சைப் பார்த்துத்தான் வியாபாரி விலை சொல்கிறார். தூசியைக் கழுவினால் அந்தப் பூச்சும் போய்விடும், கழுவாவிட்டால் பழம் விலை போகாது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது குறித்து நாம் பெருமைப்படுகிறோம். அந்தப் பழம் சந்தைக்குப் போகும் வழியைப் பற்றியும் அதே அக்கறையோடு பேச வேண்டும்.

சாலைத் தாமதம் என்ற பேச்சு வந்தாலே நம் ஊரில் யாராவது ஒருவர், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக்கின் பெயரைச் சொல்வார். காட்டுக்கும் காய்ச்சலுக்கும் வெள்ளத்துக்கும் நடுவில் எட்டே ஆண்டில் அணை கட்டினாரே, இவர்களால் ஒரு பாலம் கட்ட முடியவில்லையே என்பார்கள். ஆதங்கம் நியாயமானது. ஆனால் அந்த வரலாற்றை முழுதாகப் படித்தால் அது சொல்லும் பாடம் வேறு. பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் யோசனை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ராமநாதபுரம் சமஸ்தானத்தில் எழுந்தது. 1808-இல் ஆராய்ந்த கால்டுவெல் என்ற பொறியாளர் இது ஆகாத காரியம் என்று எழுதினார். 1850-இல் தொடங்கிய ஒரு சிறு முயற்சி காய்ச்சலாலும் கூலிப் பிரச்சினையாலும் நின்று போனது. அதன்பிறகு வரைபடங்கள் மாறி மாறித் தீட்டப்பட்டன. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூரோடு குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய், 999 ஆண்டுகள் என்று எல்லாம் எழுத்தில் தீர்ந்த பிறகு, அடுத்த ஆண்டான 1887-இல்தான் கட்டுமானம் தொடங்கியது. 1895-இல் அணை திறக்கப்பட்டது. எண்ணற்ற தொழிலாளர்கள் அந்த வேலையில் மாண்டார்கள் என்பதை மறந்து அந்த வேகத்தை மட்டும் நாம் புகழக் கூடாது. ஆனால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். நிலம் யாருடையது, விலை என்ன, எத்தனை காலத்துக்கு என்ற கேள்விகளை ஆற்றின் நடுவில் நின்றுகொண்டு யாரும் கேட்கவில்லை. அவை முந்தைய ஆண்டே முடிந்திருந்தன.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். மதுரை–போடி மீட்டர் கேஜ் ரயில் 2010 டிசம்பர் இறுதியில் நிறுத்தப்பட்டது. 90 கிலோமீட்டர் பாதை அது. அகலப் பாதையாக மாற்றி, 2022 மே மாதத்தில் தேனி வரைக்கும், 2023 ஜூன் மாதத்தில் போடி வரைக்கும் ரயில் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேல். அன்று பள்ளியில் சேர்ந்த பிள்ளை பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டது. ஆண்டிப்பட்டிக் கணவாயில் பாறையைக் குடைய வேண்டியிருந்தது உண்மை. அதைவிடப் பெரிய காரணம், ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் சிறு சிறு தொகையாகப் பணம் ஒதுக்கியதுதான். பணம் எத்தனை ஆண்டில் வரும் என்று தெரியாமலே, ஓடிக்கொண்டிருந்த ரயிலை நிறுத்தியிருக்கிறார்கள். பழைய பாதையில் ரயில் ஓடிக்கொண்டிருக்கையிலேயே பாலங்களுக்கும் கணவாய்க்கும் முழுப் பணத்தை உறுதி செய்திருந்தால் மக்கள் இத்தனை ஆண்டு பேருந்தில் தொங்கியிருக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

சாலைக்கு வருகிறேன். திண்டுக்கல்லிலிருந்து தேனி வழியாகக் குமுளி வரை ஏறத்தாழ 133 கிலோமீட்டர் நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் வேலை நடுவில் நின்று, மிச்சத்துக்குத் தனியே ஒப்பந்தம் விட நேர்ந்தது நீங்கள் கண்ணால் பார்த்தது. இப்படி வேலைகள் ஏன் நிற்கின்றன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தேசிய நெடுஞ்சாலைப் பணிகளில், ஒப்பந்தத்தின் வகையைப் பொறுத்து, 80 அல்லது 90 விழுக்காடு நிலம் கையில் இருந்தால்தான் பணி தொடங்கும் நாளை அறிவிக்க வேண்டும் என்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் நெறி. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. மிச்சமிருக்கும் பத்து, இருபது விழுக்காடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது வயற்காட்டில் இருக்காது. சந்தை முக்கில், பேருந்து நிறுத்தத்தில், கோயில் வாசலில், வாய்க்காலின் மேல் சிறுபாலம் வரவேண்டிய இடத்தில் இருக்கும். ஆகவே ஊருக்கு வெளியே வழவழவென்று தார்ச்சாலை வந்துவிடும், ஊருக்குள் வந்ததும் பள்ளமாக நிற்கும். கணக்கில் 90 விழுக்காடு முடிந்த சாலை, நடப்பவருக்குப் பத்து விழுக்காடுகூடப் பயன்படாமல் போவது இப்படித்தான். நிலம் கொடுத்தவரைக் குற்றம் சொல்வது எளிது. 1956-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி, நிலம் எடுக்கும் முதல் அறிவிப்பு வந்து ஓராண்டுக்குள் அடுத்த அறிவிப்பு வராவிட்டால் முதல் அறிவிப்பு செல்லாமல் போகும். அப்படிக் காலாவதியாகி மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்போது, தன் கடையை விற்கவும் முடியாமல் செப்பனிடவும் முடியாமல் தவிப்பவர் அந்த நிலக்காரர்தான். இழப்பீடு கைக்கு வராதவர் நீதிமன்றம் போனால் அவரைச் சாலைக்கு எதிரி என்று சொல்லாதீர்கள்.

அடுத்தது மின்கம்பம், குடிநீர்க் குழாய். கம்பத்தை மாற்றி நட மின்வாரியம் ஒரு மதிப்பீடு தரும், அந்தத் தொகையை நெடுஞ்சாலைத் துறை கட்டிய பிறகே அவர்கள் ஆள் அனுப்புவார்கள். இதில் தவறில்லை, அது அவர்கள் விதி. ஆனால் அந்தக் கடிதம் ஒப்பந்தக்காரர் ஜேசிபியைக் கொண்டுவந்து நிறுத்திய பிறகு போகிறது. நடுச்சாலையில் மின்கம்பத்தை அப்படியே விட்டுவிட்டு இரண்டு பக்கமும் தார் போட்ட காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குடிநீரின் கதை இன்னும் பெரிது. குமுளி மலையடிவாரத்து லோயர் கேம்ப்பிலிருந்து மதுரைக்கு முல்லைப் பெரியாற்று நீரைக் கொண்டுபோகும் குழாய்க்காக இந்தப் பள்ளத்தாக்கின் சாலையோரங்கள் நெடுகத் தோண்டப்பட்டன. மதுரைக்குக் குடிநீர் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. தோண்டிய பள்ளத்தை மண் போட்டு மூடி, அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு இறுக்காமல் மேலே ஜல்லி பரப்பினால், முதல் மழைக்கே அது உள்வாங்கும். அந்த உள்வாங்கலைச் சீர்செய்ய வேண்டியது குடிநீர்த் துறையா, சாலைத் துறையா என்ற கடிதப் போக்குவரத்தில் இன்னொரு மழைக்காலம் கடந்துவிடும்.

மழைக்காலம் என்றதும் நம் ஊருக்கே உரிய ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சென்னையிலும் டெல்லியிலும் கால அட்டவணை போடுபவர்களுக்கு இது தெரிவதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மலைக்கு அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை, அதன் சாரல் நமக்கும் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை இந்தப் பக்கம். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை சபரிமலைக் காலம், வாகனங்களைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றிக் குமுளி வழியாக இறக்கும் ஒருவழிப் பாதை. அப்போது மலைச்சாலையில் எந்த வேலையும் செய்ய இயலாது. எஞ்சுவது ஜனவரிக் கடைசியிலிருந்து மே வரையிலான நான்கு மாதம். தார் வேலைக்கு உகந்த காலம் அதுதான். அந்த நான்கு மாதத்தில் வனத்துறைக் கடிதத்துக்காகவோ மின்கம்பம் மாற்றவோ இரண்டு மாதம் போனால், இழந்தது இரண்டு மாதம் என்று எண்ணிவிடாதீர்கள். ஓர் ஆண்டே போய்விட்டது. அதற்கு மேல், மார்ச்சோடு நிதியாண்டும் முடிகிறது. ஆகவே இங்கே தயாரிப்பு வேலை அனைத்தும் டிசம்பருக்குள் முடிந்தாக வேண்டும் என்பது கட்டாயத் தேவை.

எல்லைக்கு அந்தப் பக்கத்து அனுபவமும் இதையே காட்டுகிறது. கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் மூணாறு–போடிமெட்டு இடையே சுமார் 42 கிலோமீட்டரை அகலப்படுத்தும் வேலை 2017-இல் தொடங்கியது. 2019-லும் 2020-லும் கேப் ரோடு பகுதியில் பெரும் மண்சரிவுகள் ஏற்பட்டன. 2024-இல்தான் திறப்பு விழா நடந்தது. செங்குத்தான மலையை வெட்டுமுன் பாறையின் தன்மையை முழுதாக ஆராய்வதற்கு ஆறு மாதம் கூடுதலாகச் செலவழித்திருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அதே நெடுஞ்சாலையில் இன்னும் மேற்கே, நேரியமங்கலம்–வாளரா பகுதியில், 2025-இல் கேரள உயர் நீதிமன்றம் அகலப்படுத்தும் பணிக்குத் தடை விதித்தது. சாலையோர நிலம் காடா இல்லையா என்பது அங்கே எழுந்த வழக்கு. நூற்றாண்டுப் பழமையான வழியின் ஓரத்து நிலம் காடா இல்லையா என்பதை ஜேசிபி இறங்கிய பிறகு முடிவு செய்வது இரண்டு பக்கத்துக்கும் கேடு. காட்டைக் காக்க நினைப்பவரும் தோற்கிறார், சாலை கேட்பவரும் தோற்கிறார். ஒரு சாலைக்காகக் காட்டை விட்டுக்கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. முடியாதென்றால் முதலிலேயே முடியாதென்று சொல்லட்டும், வேறு வழி யோசிக்கலாம்.

நம் மூன்று மலைச்சாலைகளுக்கும் இன்னொரு சிக்கல் உண்டு. போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறி எல்லைக்கல்லைத் தாண்டியதும் அலுவலகம் மாறுகிறது, ஒப்பந்தம் மாறுகிறது, மனு எழுதும் மொழி மாறுகிறது. ஜீப்பில் போகும் பெண்ணுக்கு மட்டும் சாலை ஒன்றுதான். இரு மாவட்ட ஆட்சியர்களும் சபரிமலைக் காலத்துக்காகக் கூடிப் பேசுவது வழக்கத்தில் இருக்கிறது. அந்தக் கூட்டத்திலேயே, வரும் ஆண்டில் எந்தப் பக்கம் எந்த மாதம் எந்த மலைச்சாலையை அடைக்கப் போகிறீர்கள் என்பதையும் எழுதி வெளியிடுங்கள் என்று நாம் கேட்க வேண்டும். மூன்றில் இரண்டை ஒரே மாதத்தில் அடைத்தால் தோட்டத்துக்குப் போக வழியே இருக்காது.

சரி, நம்மால் செய்யக்கூடியது என்ன? பணி பாதியில் நின்ற பிறகு மறியல் செய்கிறோம். அதற்கு ஒரு தாசில்தார் வந்து சமாதானம் சொல்கிறார், கூட்டம் கலைகிறது. மறியல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஓராண்டு முன்பே கேட்க வேண்டியவை இருக்கின்றன என்கிறேன். ஒரு சாலையை அறிவித்ததும் கேளுங்கள்: சர்வே எண் வாரியாக எந்த நிலம் இன்னும் கைக்கு வரவில்லை? மின்வாரியத்துக்கும் குடிநீர்த் துறைக்கும் பணம் கட்டிய நாள் எது? வன அனுமதி வேண்டுமா, வேண்டுமென்றால் எந்தக் கட்டத்தில் இருக்கிறது? முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தைப் பொதுமக்கள் பார்க்க எந்த நாளில் அனுமதி தருவீர்கள்? 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் இவை அனைத்தையும் கேட்க உரிமை தருகிறது. 30 நாளுக்குள் விடை தர வேண்டும். வேலையை நேரில் பார்க்கவும், பதிவேட்டைப் புரட்டவும், பயன்படுத்திய பொருளின் மாதிரியை எடுக்கவும்கூட அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. இதைப் பலர் அறிவதில்லை. இளம் பொறியாளர்களுக்கு இந்தக் கேள்விகள் தொல்லையாக இருக்காது. உள்ளே இருந்து அதே கேள்வியைக் கேட்டு விடை கிடைக்காமல் நிற்பவர்களுக்கு, ஊரார் கேட்கிறார்கள் என்ற காகிதம் பெரிய துணை என்பதை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன்.

கூட்டம் முடிந்ததும் வாசல் மேசையில் மூன்று மனுக்களின் படிகள் இருக்கும். மாநில நெடுஞ்சாலைத் துறைக்கு உரியது தமிழில் இருக்கிறது, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். தேசிய நெடுஞ்சாலைக்கு உரியதை இணைய வழியிலும் அனுப்பலாம், பத்து ரூபாய் அஞ்சல் ஆணையோடும் அனுப்பலாம். கேரளப் பகுதிக்கு உரியதை மலையாளத்தில் எழுதித் தர, குமுளியில் பாடம் நடத்தும் நம் ஆசிரியர் நண்பர்கள் முன்வந்திருக்கிறார்கள். கம்பம்மெட்டுச் சாலைக்கான மனுவை நாளைக் காலையிலேயே அனுப்பிவிட எண்ணம். ஜனவரிக்கு முன் விடை வந்தாக வேண்டும் என்பதால், கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் போகும்போது போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.